ஒன்பது வருடம் நான் போகாத பந்தி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நடக்கும்; பந்தி என்று சொல்வோம். மற்ற ஞாயிறுகளில் பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். முதல் ஞாயிறு மட்டும் பீடத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் அப்பமும் கிண்ணத்தில் திராட்சை ரசமும் வைத்திருப்பார்கள். ஆயர் அழைத்ததும் வரிசை வரிசையாக எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரத் தடுப்பருகே முழங்கால் போட்டு, கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஞானஸ்நானமும், வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்றவர்கள் எல்லோரும் போகலாம். சபையின் ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர்கள் போகக் கூடாது.

நான் ஒழுங்கு நடவடிக்கையில் இருந்தேன். ஒன்பது வருடம்.

செய்த குற்றம் கல்யாணம். என் வீட்டுக்காரர் நாகரசம்பட்டிப் பக்கத்து மாந்தோப்புக்காரக் குடும்பம், இந்து. ஓசூரில் நான் வேலை செய்யும் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் வயரிங் ஹார்னஸ் லைனில் இருக்கிறேன். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் வேலை. கிருஷ்ணகிரி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். அவர் வீட்டில் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிறகு மாங்காய் சீசன் வந்தது, ஆள் தேவைப்பட்டது, கூப்பிட்டுக்கொண்டார்கள். என் சபைக்கு அப்படி ஒரு சீசன் வரவே இல்லை.

சபைக்குள் திரும்பி வர ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, நான் தவறு செய்தேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். ஆயர் ஜெபம் பண்ணுவார். அடுத்த முதல் ஞாயிறு பந்திக்குப் போகலாம். இரண்டு நிமிட வேலை. என்னைப் போலக் கல்யாணம் செய்த இரண்டு பேர் அப்படி நின்று சொன்னதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தியின் புருஷன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தன்னைக் கட்டிக்கொண்டது தவறு என்று பெண்டாட்டி மைக்கில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். நான் நிற்க மாட்டேன். நான் செய்தது தவறு இல்லை. தவறு இல்லாததைத் தவறு என்று கடவுள் முன்னால் சொன்னால் அதுதான் பொய்.

அதனால் முதல் ஞாயிறுகளில் நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வரிசையில் மற்றவர்கள் போக வேண்டும் என்பதால் காலை ஒடுக்கிக்கொண்டு வழி விடுவேன். திரும்பி வரும்போதும் ஒடுக்குவேன். சிலர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் சபையில் சில பேர் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். என் காதில் விழும்படியே பேசினார்கள்.

"அப்புறம் என்னாத்துக்கு அங்க போற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஒவ்வொரு முதல் ஞாயிறும் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பது அவர்தான். "பாகலூர் ரோட்ல ஷெட்டு போட்டு டிரம்ஸ் அடிக்கறாங்களே, அங்க யாரு போனாலும் குடுக்கறாங்களாம். அங்க போயேன்."

"அது எங்க சபை இல்ல."

"இது மட்டும் உன்னுதா? ஒரு துண்டு ரொட்டி குடுக்க மாட்டேங்கறாங்க."

"இது எங்கப்பா செவுரு கட்டறப்ப செங்கல்லு எடுத்துக் குடுத்த கோயிலு. யாரு என்னை வெளிய போகச் சொல்றது?"

"யாரும் வெளிய போகச் சொல்லல. உள்ளயே பட்டினியா உக்காரச் சொல்றாங்க." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே, "நான் வேணா ஞானஸ்நானம் எடுத்துக்கறன். உன் கோவமாவது தீரட்டும்" என்றார்.

"என் கோவத்துக்காக நீங்க தண்ணியில முழுக வேணாம். போயி வண்டிய எடுங்க."

அவரிடம் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். எனக்கு அது வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் மாதாமாதம் அந்தத் தடுப்பருகே முழங்கால் போட்டவள் நான். அதில் பெரிய தரிசனம் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் மாதம் ஒரு முறை யாரோ நம் கையில் சாப்பாட்டை வைத்து, இது உனக்காக என்று சொல்வது வேறு எங்கே நடக்கும்? கம்பெனியிலா? அங்கே டார்கெட் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் மீது வயிறு எரிந்தது.

முக்கியமாகச் சபைச் செயலாளர் மீது. பெரிய கம்பெனி ஒன்றில் டைம் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருடம் பஞ்ச் கார்டும் கேட் பாஸும் பார்த்தவர். அதே கண்ணோடு முதல் ஞாயிறுகளில் நடுப் பாதையில் நிற்பார். புது முகம் யாராவது எழுந்தால் பக்கத்தில் போய், "எந்த சபைங்க? லெட்டர் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்பார். சொந்த ஊர்ச் சபையிலிருந்து, இவர் எங்கள் அங்கத்தினர், பந்தியில் சேரலாம் என்று கடிதம் வாங்கி வர வேண்டும். ஓசூருக்குப் பிழைக்க வருகிறவர்களில் எத்தனை பேர் பெட்டியில் அதை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள்? ஆதார் கார்டு எடுத்துவருவதே பெரிது.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், எங்கள் லைனுக்கு ஜார்க்கண்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஹாஸ்டலில் தங்கவைத்திருந்தார்கள். அவர்களில் நாலு பேர் கிறிஸ்தவர்கள் என்பது அவர்கள் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துத் தெரிந்தது. லைனில் பேசிப் பேசி எனக்கு இந்தி ஓரளவு வரும். இலக்கணம் கிடையாது, வேலை நடக்கும். கோயில் எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். அவர்கள் கோயிலுக்கு வந்த நாள் மாதத்தின் முதல் ஞாயிறு.

சொல்லாமல் விட்டது என் தவறு. எங்கள் சபை வழக்கத்தை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே இல்லாத பந்தியைப் பற்றி அவர்களிடம் பேச வாய் வரவில்லை.

ஆயர் அழைப்புக் கொடுத்ததும் நாலு பேரும் முக்காடு போட்டுக்கொண்டு, யார் வரிசை என்று பார்க்காமல், முதல் ஆளாக நேரே போய் முழங்கால் போட்டுவிட்டார்கள். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். அழைத்த பிறகு காத்திருப்பது மரியாதை இல்லையாம். செயலாளர் வேக வேகமாகப் போனார். குனிந்து, "லெட்டர்? லெட்டர் இருக்கா?" என்றார். மூன்று பேர் புரியாமல் எழுந்து பின்னால் வந்தார்கள். நாலாமவள், இருப்பதில் மூத்தவள், முப்பது வயது இருக்கும், எழுந்திருக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. ஆயர் தட்டோடு வந்தார். செயலாளரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆயர் அவளைத் தாண்டி அடுத்த கைக்குப் போய்விட்டார்.

ஒன்பது வருடம் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து என் நிலைமையைத்தான் பார்த்திருக்கிறேன். வெறுங்கை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஆயர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் தெற்கத்திக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பீடத்துக்குப் பக்கத்து அறையில் நாலு பெண்களும் நின்றிருந்தார்கள். செயலாளர் ரிஜிஸ்டரோடு நாற்காலியில் இருந்தார்.

"உங்களுக்கு இந்தி வரும்னு சொன்னாங்கம்மா" என்றார் ஆயர். "நான் கேக்கதைக் கேட்டுச் சொல்லுங்க. இவங்களைச் சேத்துக்கணும்னுதான் எனக்கும் ஆசை."

ஞானஸ்நானம் ஆயிற்றா? ஆயிற்று. திடப்படுத்தல்? நாலு பேரும் போனை எடுத்து, ஊர்ச் சபை கொடுத்த அட்டையின் போட்டோவைக் காட்டினார்கள். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். முத்திரை இருந்தது. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும். பிறகு மூத்தவளின் கையில் மட்டும் இருந்த வளையலைப் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சா? சபையில ஆச்சா, வெளிய ஆச்சா? அதையும் கேளும்மா" என்றார்.

"அந்தக் கேள்விய நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"என்னை ஒம்போது வருசமா உக்கார வெச்ச கேள்விங்க அது. அதை என் வாயாலயே இன்னொருத்தியக் கேக்கச் சொல்றீங்களா? உங்களுக்கு வேணும்னா இந்தி கத்துக்கிட்டு நீங்களே கேளுங்க."

"ரூல்னு ஒண்ணு இருக்குதும்மா."

"இது கர்த்தரோட பந்திங்க, கம்பெனி கேட் இல்ல. நீங்க கேட் பாஸ் பாத்தது போதும்."

மூத்தவள் என் கையைத் தொட்டு, "என்ன தீதி, என்னைப் பத்தியா?" என்று இந்தியில் கேட்டாள். தீதி என்றால் அக்கா. மறைக்க எனக்குத் தோன்றவில்லை. கேட்ட கேள்வியையும், நான் ஏன் கேட்க மறுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அட, இதுக்கா? எங்க ஊர்லயும் இதேதான். கல்யாணம்னா ஊருக்கே சோறு போடணும். எங்களால முடியல. சும்மா அவன் வீட்டுக்குப் போயிட்டேன். அங்கேயும் பந்தி கிடையாதுன்னுட்டாங்க. ரெண்டு வருசம். இங்க யாருக்குத் தெரியும்னு கை நீட்டினேன். நீ சொல்லிடு தீதி. இந்த ஐயாகிட்ட பொய் வேணாம்."

நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் ஆயரிடம் சொன்னேன். செயலாளர் ரிஜிஸ்டரை மூடினார், தான் சொன்னது சரியாகிவிட்டது என்கிற மாதிரி. ஆயர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்க விசயமும் இதுதானாம்மா? நான் வந்ததுல இருந்து உங்களைப் பாக்கேன். போக மாட்டீங்க. உங்களுக்கே இஷ்டம் இல்லைன்னுல்லா நினைச்சேன்."

"நீங்க கேக்கல. நான் சொல்லல."

"தப்புத்தான்" என்றார். எது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கமிட்டி கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன். பாதிப் பேர் ஒழுங்கு கெட்டுவிடும் என்றார்கள். பாதிப் பேர், இந்த ஊரில் யார் வீட்டில் கலப்பு இல்லை, தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறது, நீங்கள் யாரை வெளியே வைப்பீர்கள் என்றார்கள். கடைசியில் யாருக்கும் முடிவெடுக்கத் தைரியம் இல்லாமல் ஆயர் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் சட்டை போடாமல் மிக்ஸியைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார். அவசரமாகத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இருங்க, இருங்க. அதை முடிங்க" என்று சொல்லி ஆயர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதான் சர்ச் ஐயரா? ரொட்டி விசயமா வந்தீங்களா?" என்றார் வீட்டுக்காரர், ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே.

"ஆமா."

"குடுத்துடுங்க சாமி. முதல் ஞாயித்துக்கெழமையானா என்னால வீட்ல இருக்க முடியல. பாத்திரமெல்லாம் பறக்குது."

ஆயர் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க எழுந்து நிக்க வேண்டாம். உங்க கல்யாணத்தைத் தப்புன்னு சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன். நான் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். பந்திக்கு வாற எல்லார்கிட்டயும் கேக்கது. யார் மேலயாவது உள்ள பகை வச்சிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வட நாட்டுப் பெண் பொய் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது.

"இருக்குது. செயலாளர் மேல."

"அதைப் பேசி முடிச்சுட்டு வாங்க" என்றார்.

"அவர்தான என்கிட்ட வரணும்?"

"அவரு வந்தா நல்லதுதான். ஆனா பந்திக்கு வரணும்னு கேக்கது நீங்கதானம்மா."

அவர் கிளம்பிப் போனார். எனக்கு ஆத்திரம் வந்தது, அந்தக் கேள்வி நியாயமானது என்பதால் இன்னும் வந்தது. ஒன்பது வருடம் தப்பான கேள்வியைக் கேட்டு என்னைத் தடுத்தார்கள். சரியான கேள்வியைக் கேட்ட அன்றைக்கும் நான் தகுதி இல்லாமல்தான் இருந்தேன்.

வார விடுப்பு நாளில் செயலாளர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார். "சண்டை வந்தா போன் பண்ணு" என்றார்.

செயலாளர் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல் நின்றார்.

"உங்க மேல எனக்கு ஒம்போது வருசமா வயித்தெரிச்சல்" என்றேன். "அதை முடிச்சுக்கலாம்னு வந்தேன். மன்னிப்புக் கேக்க வரல. நீங்களும் கேக்க வேணாம்."

"நான் ரூல்படிதான் செஞ்சேன்" என்றார்.

"தெரியும்."

"எனக்கு உன் மேல ஒண்ணும் கெடையாது."

"அதுவும் தெரியும். அதனாலதான் இன்னும் எரிஞ்சது. என்னைப் புடிக்காம நிறுத்தியிருந்தாகூடப் பரவால்ல. என்னை ஒரு ஆளா நெனைக்காம நிறுத்தினீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறீங்களே! வூட்டுக்கு வர்றதுக்கும் லெட்டரு கேக்கறீங்களா? உள்ள வாம்மா நீ."

அவர் விலகி வழி விட்டார். காபி வந்தது. மூன்று பேரும் குடித்தோம். காபியில் சர்க்கரை அதிகம், அதைச் சொன்னேன், அந்த அம்மா சிரித்தார். கிளம்பும்போது செயலாளர், "நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் சரின்னு சொன்னேன்னும் யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். தெருமுனை வரை நடந்தபோது நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் போய்விடவில்லை. ஆனால் பழைய அளவு இல்லை. ஆயரிடம் போனில் அப்படியே சொன்னேன். "அது போதும், வாங்க. மிச்சத்தோடதான் எல்லாரும் வாறோம்" என்றார்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். சூப்பர்வைசரிடம் கெஞ்சவில்லை. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பெண்களுக்கும் வார விடுப்பு கிடைத்திருந்தது. மூத்தவளிடம் ஆயர், புருஷன் ஊரிலிருந்து வந்ததும் இங்கேயே ஜெபித்துக் கல்யாணத்தை எழுதிக்கொள்ளலாம், ஊருக்குச் சோறு போட வேண்டியதில்லை, அதுவரை பந்திக்கு வெளியே நிற்கவும் வேண்டியதில்லை என்று என் மூலமாகவே சொல்லியிருந்தார். அந்த ஒரு மொழிபெயர்ப்பை நான் இரண்டு முறை செய்தேன், அவளுக்குப் புரிந்த பிறகும்.

அழைப்பு வந்தது. எங்கள் வரிசை எழுந்தது. பின்னால் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். ஒரு குடும்பம் அன்றைக்குப் பந்திக்கு எழவே இல்லை, எனக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறார்களாம். அவர்கள் பட்டினி அவர்கள் இஷ்டம். ஆனால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் சந்தோஷப்பட முடியவில்லை.

முழங்கால் போட்டேன். எனக்கு இடது பக்கம் மூத்தவள். வலது பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. யாரோ வந்து முழங்கால் போட்டார்கள். பார்த்தால் செயலாளர். எப்போதும் கடைசியில் வாங்குகிறவர் அவர். அன்றைக்கு ஏன் அந்த நேரத்தில் வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லப் போவதில்லை. இடம் நெருக்கடியாக இருந்தது. அவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். மனசு வந்து நகர்ந்தாரா, என் முழங்கை இடித்ததால் நகர்ந்தாரா, தெரியாது.

ஆயர் தட்டோடு வந்தார். மூத்தவளின் கையில் வைத்தார். என் கையில் வைத்தார். உனக்காக என்று சொன்னார். அப்பம் காய்ந்து போயிருந்தது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் அவசரப்படாமல் மென்றேன்.